முதுகு காட்டாத குரல்

கோட்டை நகரம், ஓட்டல் அறை
மார்ச் 4

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நான் போனை எடுப்பதில்லை என்று அண்ணியிடம் குறைப்பட்டுக்கொண்டீர்களாம். ஆமாம், எடுக்க மாட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை உங்கள் குரலைத்தான் ஒரு பஸ் நிறைய ஜனங்களோடு கேட்டுக்கொண்டிருக்கிறேன். அறைக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகும் அதே குரலா? சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். நம் கம்பெனியின் சாமான் வண்டி தினமும் தலைமை அலுவலகத்துக்கும் ஓட்டல்களுக்கும் போய் வருகிறது. ஹாரன் என்று நாம் கூப்பிடுகிற டிரைவரிடம் கொடுத்தால் மறுநாள் என் கைக்கு வந்துவிடும். வழியெல்லாம் காரணமில்லாமல் ஹாரன் அடிப்பதைத் தவிர அந்த மனிதரிடம் வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

இந்தக் கடிதத்தை அண்ணியும் வாங்கிப் படிப்பார் என்று தெரியும். அவரிடம் நீங்கள் கதையை உங்களுக்குச் சாதகமாகத்தான் சொல்லியிருப்பீர்கள். அதனால் அவருக்காக முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அண்ணி, உங்கள் வீட்டுக்காரர் பயணிகளுக்கு ஊர் காட்டுகிற கைடு. நான் அவருக்குப் பின்னால் பதினோரு வருடம் நடந்த இரண்டாவது கைடு. முன்னால் நின்று அவர் பேசுவார். கூட்டத்தின் வாலில் நடந்து, மூச்சு வாங்குகிறவர்களையும், படம் எடுக்கிறேன் என்று காணாமல் போகிறவர்களையும் ஓட்டிக்கொண்டு வருவது என் வேலை. குளிர்காலத்தில் அவர் யாரோ வைத்துவிட்டுப் போன வாளியில் தடுக்கிப் படியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, அவர் எழுந்து வரும்வரை முன்னால் நிற்கப்போவது நான்தான் என்று நினைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிக்கூடப் பழகினேன். இவர் என்ன செய்தார் தெரியுமா? கம்பெனி ஒரு கூடைப் பழத்தோடு வந்து கேட்டதும், கோட்டை நகரத்திலிருந்து கடைசித் துறைமுகம் வரைக்கும் வாயில் இருந்ததையெல்லாம் ஸ்டூடியோவில் போய்ப் பதிவு செய்து கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. புதுக் கருவிகள் வந்து இறங்கிய அன்று, ஒன்றை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது கேளுங்கள் அண்ணா, என் உத்தியோகத்தை. கழுத்தில் ஒரு பொத்தான் தொங்குகிறது. ஓர் இடத்துக்கு வந்ததும் அதை அமுக்க வேண்டும். எல்லார் காதிலும் நீங்கள் பேசுவீர்கள். கையில் ஒரு மஞ்சள் கொடி. அவ்வளவுதான். “இந்த ட்ரிப்ல நீங்க பேச வேணாம். பாத்ரூம் எங்கன்னு கேட்டா மட்டும் சொல்லுங்க” என்று மேனேஜர் உத்தரவு போட்டுவிட்டார். அந்த அம்மாளும் எங்களோடுதான் வருகிறார். கடைசி ஊரான பழைய துறைமுகத்தில் முடிவு சொல்வாராம். கருவியே போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டால், இந்தக் கம்பெனியில் கைடு என்ற வேலையே இனி கிடையாது. கொடி பிடிக்க யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்வார்கள்.

இன்று கோட்டையைப் பார்த்தோம். உங்கள் குரல் நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நிமிர்ந்து பாருங்கள் என்றீர்கள், எல்லாரும் நிமிர்ந்தார்கள். குனிந்து பாருங்கள் என்றீர்கள், குனிந்தார்கள். படைத்தலைவர் மாவுப் பீப்பாய்க்குள் ஒளிந்த கதைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஈ பறக்கும் சத்தம் கேட்கிற மண்டபத்தில் முப்பது பேர் திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தால் எப்படி இருக்கும்? காவலாளி பாவம், சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

நான் சிரிக்கவில்லை.

இப்படிக்கு,
கொடி பிடிப்பவள்


வீடு
மார்ச் 5

அன்புள்ள கொடிக்காரிக்கு,

நீ எழுதியிருந்த ‘நீங்கள்’, ‘உங்கள்’ எல்லாவற்றையும் படித்ததும் எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. இதற்கு முன்னால் இரண்டு தடவைதான் எனக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது. ஒன்று, உன் சைக்கிளைக் கேட்காமல் விற்றபோது. இன்னொன்று, உன்னோடு படித்த பையனிடம் நீ குறட்டை விடுவாய் என்று சொன்னபோது. உன் அண்ணி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அதற்குப் பிறகு எனக்கு வருகிற சூப்பில் உப்பு இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். டாக்டர் சொன்னதையே உன்னிடம் சொல்லவில்லையே, பிறகு இதை எப்படிச் சொல்வேன்? எலும்பு சேர்ந்துவிடும், வீட்டுக்குள் கடைக்கு என்று நடப்பீர்கள், ஆனால் நாள் முழுக்க நின்று நடந்து பேசுகிற பிழைப்பு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அப்போதுதான் கம்பெனி பழக்கூடையோடு வந்தது. கால் போனால் போகட்டும், குரலாவது ஊர் ஊராக நடக்கட்டும் என்று ஆசைப்பட்டுவிட்டேன். உன் இடத்தைப் பிடுங்க வேண்டும் என்று நினைக்கவில்லை. உன்னைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பதுதான் நிஜம். அதுதான் இப்போது உறுத்துகிறது.

அந்த ஸ்டூடியோவைப் பார்த்திருக்க வேண்டும் நீ. தீப்பெட்டி மாதிரி ஓர் அறை, எதிரே ஒரு ஜீவன் கிடையாது. யார் முகத்தைப் பார்த்துப் பேசுவது? தொண்டையைக் கனைத்ததோடு சரி, வார்த்தை வரவில்லை. பதிவு செய்கிற பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “சார், கண்ண மூடிக்குங்க. நீங்களே அந்தத் தெருவுல நடந்து போற பயணின்னு நெனச்சுக்குங்க. கண்ணுல படறத சொல்லிக்கிட்டே போங்க, போதும்” என்றாள். அப்படியே செய்தேன். மனதுக்குள்ளேயே தெருத் தெருவாக நடந்தேன். அதற்குப் பிறகு என்னை நிறுத்துவதுதான் அவளுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

இங்கே தினமும் காலுக்குப் பயிற்சி கொடுக்க ஒருத்தி வருகிறாள். ஊன்றுகோலை வைத்துவிட்டு ஓர் அடி எடுத்து வை என்கிறாள். என்னால் முடியவில்லை. கண்ணுக்கு முன்னால் அந்த வாளிதான் வந்து நிற்கிறது. “கால் ரெடி சார். நீங்கதான் ரெடியாகல” என்கிறாள். அவள் காலா, என் காலா?

நாளைக்கு மணிக்கூண்டு நகரம் அல்லவா? அரசியின் பால்கனிக்குக் கீழே என் குரலைக் கேட்டு எத்தனை பேர் பெருமூச்சு விட்டார்கள் என்று மட்டும் எழுது. நேரில் சொல்லும்போது கண்டிப்பாக ஒருவராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் போடு.

உப்பில்லாத சூப் குடிக்கும்
அண்ணன்


மணிக்கூண்டு நகரம், ஓட்டல் மாடி
மார்ச் 6

அண்ணா,

டாக்டர் சொன்னதை என்னிடம் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, உன்னை என்ன செய்வது? அதற்குத் தனியாக ஒரு நாள் சண்டை போட வேண்டும். இன்றைக்கு நேரமில்லை. இன்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

பால்கனிக்குப் பெருமூச்சு விட்டார்களா என்று கேட்டாய். விட்டார்கள். கேள்.

தெரு முனையில் பொத்தானை அமுக்கினேன். ‘இதோ, உங்கள் இடது பக்கம், சற்று மேலே பாருங்கள்’ என்று உருகினாய். எல்லாரும் இடது பக்கம் திரும்பி மேலே பார்த்தார்கள். அங்கே பனியன் போட்ட ஒரு தடித்த மனிதர் பால்கனியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். ‘போருக்குப் போன காதலன் திரும்புவான் என்று அரசி பன்னிரண்டு குளிர்காலம் நின்று காத்திருந்தது இங்கேதான்’ என்றாய். அத்தனை கண்ணும் அந்த மனிதர் மேல். ‘அவள் கை ஊன்றிய இடத்தில் கல் தேய்ந்திருப்பதைக் கவனியுங்கள்’ என்றாய். எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள். அந்த ஆள் வாயிலிருந்து பிரஷை எடுத்துவிட்டு, என்னத்தை இப்படிப் பார்க்கிறார்கள் என்று தன் கைப்பிடிச் சுவரையே குனிந்து பார்த்தார்.

எங்கள் கூட்டத்தில் ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். மெதுவாக என்னிடம் வந்து, “அரச வம்சம் இன்னும் அதே வீட்டுலதான் குடியிருக்காம்மா?” என்று கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நிஜமான பால்கனி வலது பக்கத்தில், கேட்பாரில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

ஒரு தடவை நாக்குப் புரண்டிருக்கும் என்று நினைத்தேன். அடுத்து, ‘வலது பக்கம் வானளாவி நிற்கும் மணிக்கூண்டு’ என்றாய். வலது பக்கம் ஒரு டயர் கடை. அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான். நான் ஓடி ஓடி எதிர்ப்பக்கம் கொடியை நீட்டிக்கொண்டே வந்தேன். கை கழன்று விழுந்துவிடும்போல இருக்கிறது. நல்ல வேளை, மேனேஜருக்குப் பல்வலி. அவர் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை.

அறைக்கு வந்து மிச்ச ஊர்களையும் போட்டுக் கேட்டேன். கோட்டைக்குள் மேலே, கீழே மட்டும்தான் சொல்லியிருக்கிறாய், அதனால் தப்பித்தாய். தெரு என்று வந்தால் எல்லா ஊரிலும் இடது வலது தலைகீழ்தான்.

முதலில் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு உன் கடிதத்தை இன்னொரு முறை படித்தபோது காரணம் புரிந்துவிட்டது. உலகத்தில் வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது அண்ணா. கைடுக்குத்தான் வரும், அதிலும் உனக்குத்தான். நீ ஜனங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடக்கிறவன். உனக்கு வலது பக்கம் இருப்பது அவர்களுக்கு இடது பக்கம். அதனால் கண் ஒரு பக்கத்தைப் பார்த்தால் நாக்கு மறு பக்கத்தைச் சொல்லும். உனக்கு முப்பது வருடப் பழக்கம். அந்த ஸ்டூடியோப் பெண் உன்னைப் பயணி மாதிரி முன்னால் நடக்கச் சொன்னாள். மனதுக்குள் நீயும் நடந்தாய். பால்கனி வலது பக்கம் வந்தது. ஆனால் இந்தத் தடவை நீ முன்பக்கமாக நடக்கிறாய் என்று நாக்குக்கு யார் சொல்வது? அது வழக்கம்போல மாற்றிச் சொல்லிவிட்டது.

இதை மேனேஜரிடம் போய் ஒரு வரியில் சொன்னால் போதும். கருவியெல்லாம் பெட்டிக்குள் போய்விடும், நான் பேசலாம், என் வேலை தப்பிவிடும். ஆனால் உன் குரலும் அந்தப் பெட்டிக்குள் போய்விடும். இடது வலது தெரியாத கைடு என்று அலுவலகமே உன்னைச் சொல்லிச் சிரிக்கும். நான் என்ன வேண்டுமானாலும் சொல்லிச் சிரிப்பேன், அவர்கள் சிரிக்கக் கூடாது.

நாளைக்கு உப்பளத்து ஊர். வெட்டவெளி, அங்கே எப்படியாவது சமாளித்துவிடுவேன். நாளை மறுநாள் பழைய துறைமுகம். கடற்சுவரின் மேல் அவ்வளவு நீள நடை, அடிக்கு ஒரு இடது, அடிக்கு ஒரு வலது. மேனேஜர் கூடவே நடப்பார். என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தங்கை


வீடு
மார்ச் 7

தங்கைக்கு,

‘நீ’ என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு சந்தோஷத்தை வைத்துக்கொண்டுதான் மீதியைப் படித்து முடித்தேன்.

படித்ததும் ஊன்றுகோலோடு ஜன்னலுக்குப் போய், தெருவைப் பார்த்து, தபால் பெட்டி எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான். தப்பாகத்தான் வருகிறது. மூன்று முறை சொன்னேன், மூன்று முறையும் தப்பு. உன் அண்ணி பல் தேய்த்த மனிதரை நினைத்து நினைத்துச் சிரித்து, கண்ணில் தண்ணீர் வந்து, சூப்பில் உப்பும் போட்டுவிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை.

விளையாட்டெல்லாம் போதும். மேனேஜரிடம் சொல்லிவிடு. இது அண்ணன் செய்த தப்பு, எனக்குச் சம்பந்தமில்லை என்று நேராகச் சொல். சிரிக்கட்டும். என்னைத் தெரியாதவர்கள் சிரித்தால் எனக்கென்ன? தெரிந்தவர்கள் சிரித்தால் நானும் சேர்ந்து சிரித்துக்கொள்கிறேன். உன் வேலையைத் தின்றுவிட்டு என் குரல் எந்த ஊரிலும் நடக்க வேண்டாம்.

நீ சொல்ல மாட்டாய் என்றும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் உடைத்த சாமானுக்கெல்லாம் அடி வாங்கியவள் நீ. அதனால் ஒன்று சொல்லிவைக்கிறேன். நாளை நீங்கள் துறைமுகத்தில் இருக்கும்போது, மத்தியானம் நானே மேனேஜருக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் நீ சொல்லிவிட்டால் உனக்கு நல்லது.

இதில் உன் பேச்சைக் கேட்பதாக இல்லை.

அண்ணன்


பழைய துறைமுகம், ஓட்டல் கீழ்த்தளம்
மார்ச் 8

அண்ணா,

உட்கார்ந்து எழுதவே முடியவில்லை. நின்றுகொண்டு எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை ஹாரன் காலைக் காப்பியின்போது கொண்டுவந்து கொடுத்தார். படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். கடற்சுவரின் படியேறும்போது எனக்கு எதுவுமே தோன்றவில்லை, சத்தியமாக. மேனேஜர் கன்னத்து வீக்கத்தோடு, ஆனால் பளிச்சென்று, எனக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார். எல்லாரையும் முன்னால் ஏற்றிவிட்டு, கடைசியாக நாங்கள் வந்து சேர்ந்ததும் பொத்தானை அமுக்கினேன்.

‘உங்கள் வலது பக்கம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை, கடல்!’ என்று முழங்கினாய்.

வலது பக்கம் வரிசையாக வீடுகள். ஒரு வீட்டு ஜன்னலில் ஒரு பூனை உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. பால்கனியை மறைக்கலாம், மணிக்கூண்டைக்கூடச் சமாளிக்கலாம். கடலை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பது அண்ணா? அது இடது பக்கத்தில் ஹோவென்று இரைந்துகொண்டிருந்தது.

மேனேஜர் நின்றுவிட்டார். நான் பொத்தானை அமுக்கி உன்னை நிறுத்தினேன். “கடல் எங்க இருக்கு, இவர் எங்க காட்டறாரு? பதிவே தப்பா?” என்று கேட்டார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. கணக்கு வாத்தியார் தொண்டையைச் செருமினார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பேசக் கூடாது என்று உத்தரவு. ஆனால் கேள்வி கேட்டவரே உத்தரவு போட்டவர்தானே?

“தப்பு இல்ல மேடம். நாமதான் தப்பா நிக்கிறோம்” என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. “எல்லாரும் ஒரு நிமிஷம் அப்படியே திரும்பி நில்லுங்க.”

திரும்பினார்கள். கடல் வலது பக்கம் வந்துவிட்டது.

“பேசறது எங்க அண்ணன். முப்பது வருஷத்துல ஒரு தடவகூட பயணிகளுக்கு முதுகு காட்டி நடந்ததில்ல. உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே பின்னால நடந்துதான் பழக்கம். ஸ்டூடியோவுல யாருமே இல்ல. இருந்தும் அவரு நாக்கு உங்களப் பாத்துதான் நின்னுக்கிட்டிருந்திருக்கு. அவரு நடக்கற மாதிரி நாமளும் நடந்தா, அவரு சொல்றது எல்லாமே சரியா இருக்கும். வாங்க, பின்னால நடக்கலாம்.”

கணக்கு வாத்தியார்தான் முதலில் தன் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, “ரிவர்ஸ் கியர் போடும்மா” என்று பின்னால் ஓர் அடி வைத்தார். அவ்வளவுதான், கூட்டமே கிளம்பிவிட்டது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேள். கூட்டம் திரும்பிவிட்டதல்லவா? அப்படியென்றால் அதன் வால்தான் இப்போது தலை. நான் நின்றது அந்த வாலில்தான். பதினோரு வருடம் நான் நடந்த இடம். இத்தனை வருடமும் அங்கிருந்து நான் பார்த்ததெல்லாம் முதுகும் பையும் தொப்பியும்தான். இன்றைக்கு அத்தனை முகமும் என்னைப் பார்த்து இருந்தது. அவர்கள் பின்னால் நடக்க, நான் அவர்களைப் பார்த்து முன்னால் நடந்தேன். அவர்களுக்குப் பின்னால் இருக்கிற பாதை என் கண்ணுக்குத்தான் தெரியும். “படி வருது, நிதானம். சங்கிலி கிடக்கு, காலத் தூக்கி வைங்க” என்று சொல்லியாக வேண்டியிருந்தது. வாயைத் திறந்த பிறகு மூடுவேனா? நீ காதுக்குள் ஒன்று சொல்ல, பொத்தானை அமுக்கி உன்னை நிறுத்திவிட்டு நான் ஒன்று சொல்ல, நீ தொடர, நான் “அண்ணன் கொஞ்சம் ஏத்திச் சொல்றாரு, பாதிய நம்புங்க” என்று சொல்ல, சிரிப்பு சுவரின் அந்தக் கோடி வரைக்கும் போனது. கயிறு திரிப்பவர்களின் பழைய கொட்டகை நீ சொன்ன பக்கத்தில் வந்தது. உடைந்த சுங்கச் சாவடி நீ சொன்ன பக்கத்தில் வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை!

பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோதுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. அவர்கள் பின்னால் போகப் போக, பக்கத்தில் இருந்த வீடுகள் சின்னதாகி, தெருக்கள் ஒன்று சேர்ந்து, கடைசியில் ஊர் முழுவதும் அவர்கள் கண்ணுக்கு முன்னால் விரிந்துகொண்டு வந்தது. உன்னை நிறுத்தினேன். நான் சொன்னேன்: “கப்பல் ஏறிப் போனவங்க இந்த ஊர இப்படித்தான் பாத்திருப்பாங்க. கப்பல் போற பக்கம் யாரும் பாத்திருக்க மாட்டாங்க. விட்டுட்டு வந்த வீடு தெரியற வரைக்கும் இப்படியே திரும்பி நின்னிருப்பாங்க.” உன் பதிவில் இது கிடையாது. எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அங்கே, அப்போது, எனக்கே தோன்றியது.

வாத்தியாருடைய பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ சொன்னாயே, ஒருவராவது துடைத்துக்கொள்வார்கள் என்று. இது என் கணக்கு, உன்னுடையது அல்ல.

அப்போதுதான் மேனேஜரின் போன் அடித்தது. நீதான் என்று எனக்குத் தெரியும். அவர் பின்பக்கமாக நடந்துகொண்டே போனை எடுத்தார். நீ என்ன சொன்னாய் என்று தெரியவில்லை. அவர் சிரித்ததும், “அப்புறம் பேசுங்க சார், கால் வழுக்குது” என்று சொன்னதும் மட்டும் கேட்டது.

கலங்கரை விளக்கத்தடியில் எல்லாரும் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். மேனேஜர் என் கையிலிருந்த மஞ்சள் கொடியை வாங்கிச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வேலை போச்சு என்றே நினைத்தேன். பிறகு சொன்னார்: “ஒரு மெஷினுக்கு இது தோணாது. அடுத்த ட்ரிப்புலேர்ந்து எல்லா ஊர்லயும் நீங்கதான் பேசறீங்க. கொடிய வேற யாராவது பிடிக்கட்டும். இந்தக் கடற்சுவர்ல மட்டும் உங்க அண்ணன் பேசட்டும். பதிவ மாத்த வேணாம், ஒரு எழுத்துகூட. எல்லாரும் இதே மாதிரி பின்னால நடக்கணும்.”

அண்ணா! கேட்டாயா? எல்லா ஊரிலும் நான். இந்தச் சுவரில் நாம் இரண்டு பேரும்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போய், ஒருத்தரும் இல்லாத இடமாகப் பார்த்து, ஓவென்று கத்திவிட்டு வந்தேன். தொண்டை கட்டிக்கொண்டது. நாளை மறுநாள் புதுக் கூட்டம் வருகிறது, பேச வேண்டும். இப்போது வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

இனிமேல் போன் செய்தால் எடுப்பேன்.

தங்கை (கைடு)


வீடு
மார்ச் 9

என் கைடு தங்கைக்கு,

போன் செய்தால் எடுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். சாயங்காலம் செய்கிறேன். ஆனால் இதை எழுதித்தான் தீர வேண்டும். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், நீ கேலி செய்வாய்.

முதலில் நேற்றைய போன். சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு உன் மேனேஜருக்குப் போன் போட்டேன். ‘அம்மா, ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது’ என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே, “சார், உங்க தங்கச்சி சொல்லிட்டாங்க. நாங்க எல்லாரும் உங்கள மாதிரிதான் நடந்துக்கிட்டிருக்கோம்” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் தப்புக்கு எதற்காக இத்தனை சந்தோஷம்? ராத்திரி முழுக்க உன் அண்ணியைத் தூங்கவிடவில்லை.

இன்று உன் கடிதம் வந்தது. உன் அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, படியுங்கள் என்றாள். உனக்குத்தான் தெரியுமே, எனக்குப் படித்துக்காட்ட வராது, கதையாகச் சொல்லத்தான் வரும். ஜன்னலோரம் நின்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். கடல் இடது பக்கம் இரைந்ததைச் சொன்னேன். மேனேஜர் முகத்தில் ஈயாடாததைச் சொன்னேன். பூனையைக்கூட விடவில்லை. நீ எல்லாரையும் திருப்பி நிறுத்திய இடம் வந்ததும் என்னால் நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. கொட்டகை, சங்கிலி, சுங்கச் சாவடி என்று ஒவ்வொன்றாகக் கையைக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனேன். கப்பலில் போனவர்கள் திரும்பி நின்றிருப்பார்கள் என்று நீ சொன்னதை, நீ சொன்ன மாதிரியே சொன்னேன். எவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறாய் நீ! முப்பது வருடம் அந்தச் சுவரில் நடந்தேன், எனக்கு அது தோன்றவில்லையே. பொறாமையாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, பொறாமையை விடக் கூடுதலாக.

கதை முடிந்தபோது என் முதுகில் ஏதோ இடித்தது. வாசல் கதவு. உன் அண்ணி கைதட்டவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கதைக்கா இவ்வளவு அழுகை என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

என் ஊன்றுகோல் இரண்டும் அங்கே, ஜன்னலோரத்தில் சாய்ந்து கிடந்தன. கூடத்தின் அந்தக் கோடியில் அவை, இந்தக் கோடியில் நான். நடுவில் அவ்வளவு தரையையும் நான் பின்பக்கமாகவே நடந்து வந்திருக்கிறேன்.

அதைப் பார்த்ததும் கால் நடுங்க ஆரம்பித்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு, “அத எடுத்துட்டு வந்து குடு” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “முடியாது. போன வழியே வாங்க. இந்தத் தடவ முன்னால பாத்து” என்றாள்.

வந்துவிட்டேன், தங்கச்சி.

அண்ணன்